நின்ற கோலம்

கும்பகோணத்து நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் பையைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றபோது சொன்னார்: "அந்தக் காலத்துல கடைக்குப் போனா மோர் குடுப்பான். இப்ப டோக்கன் குடுக்கறான்." கையில் இருந்த பிளாஸ்டிக் வில்லையை எங்களிடம் தூக்கியும் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். வாக்கியம் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது. இழந்துபோனதைப் பற்றி நாம் சொல்கிற வாக்கியங்கள் பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடுகின்றன. அமைந்த பிறகு அவற்றை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. யாருக்கு மோர் கொடுத்தான் என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

என் தாத்தாவுக்குக் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். 1960-களின் தொடக்கம். மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடை. தெருவிலிருந்து மூன்று படி ஏறவேண்டும். மேலே தளம் முழுக்க வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுவோம். முதலாளி திண்டில் சாய்ந்து, கல்லாப்பெட்டிக்குப் பின்னால். தாத்தா அவருக்கு எதிரில், அதே மெத்தையில், அதே உயரத்தில். துணி எடுத்துக் காட்டுகிற ஆளும் நிற்கமாட்டார். முழங்காலாலேயே நகர்ந்து போய் அலமாரியிலிருந்து இழுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே விசிறிப் போடுவார். விரிகிற துணியிலிருந்து கஞ்சி வாசனை வரும். வெற்றிலைத் தட்டு வரும், மோர் வரும், மழையைப் பற்றியும் மேட்டூர்த் தண்ணீரைப் பற்றியும் பேச்சு வரும். விலை என்பது கடைசியில், ஏதோ மறந்துபோன விஷயத்தைப் போல வரும். பணம் அன்றைக்கு வராது. அறுவடைக்கு அப்புறம்.

இந்தச் சித்திரத்தில் ஒரு பொய்யும் இல்லை. அங்கே ஒருவித சமத்துவம் இருந்தது என்றுகூடச் சொல்வேன். வாங்குகிறவன், விற்கிறவன், எடுத்துக் கொடுக்கிறவன் மூவரும் ஒரே தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய எந்தக் கடையிலும் இதைப் பார்க்க முடியாது. ஆனால் சித்திரத்தின் சட்டத்துக்கு வெளியே, அந்த மூன்று படிக்குக் கீழே, தெருவில், வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். பண்ணையாள். தலைத்துண்டு கக்கத்தில். மூட்டை தயாரானதும் சுமந்து வண்டியில் வைப்பது அவர் வேலை. அந்த மூட்டையில் அவருக்கும் அவர் மனைவிக்கும் வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கிற வேட்டியும் புடவையும் இருக்கும். தேர்ந்தெடுத்தது தாத்தா. தேர்ந்தெடுத்தது என்ற சொல்லே அதிகம். "பண்ணைக்கு அஞ்சு ஜோடி" என்பார். கடைக்காரருக்குத் தெரியும். முரட்டு நூல், சேறு பட்டாலும் தெரியாத நிறம். அந்தப் பெண் ஒரு வருஷம் உடுத்தப்போகிற துணியை, அது தன் கைக்கு வந்துசேர்கிற வரைக்கும் தொட்டதில்லை, பார்த்ததும் இல்லை.

தொடுவது சின்ன விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிற கணத்தில் ஒரு தீர்ப்பு நடக்கிறது. இது எனக்கு ஆகும், இது ஆகாது. வேண்டாம் என்று சொல்ல இடம் உள்ளவன் வாயில்தான் வேண்டும் என்பது ஒரு சொல். மற்றவன் வாயில் அது சம்மதம் மாதிரி கேட்கிறதே தவிர, சம்மதம் இல்லை. கூலியை நெல்லாக வாங்கியவர்களுக்குக் கிராமத்து மளிகைக்கடையிலும் இதே கதைதான். மடியில் கொண்டுவந்த நெல்லைக் கடைக்காரன் தன்னுடைய படியால் அளந்து, தன் கணக்கில் உப்பும் மிளகாயும் கொடுப்பான். அளவு அவனுடையது, விலையும் அவனுடையது. தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள்களுக்காக 1952-இல் அவசரச் சட்டம் வந்து கூலியை வரையறுத்தது. வரையறுத்ததும் நெல்லில்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டதற்குப் பின்னாலும் கூலி நெல்லின் அளவைப் பற்றிய தகராறு இருந்தது. இந்தப் பிரதேசத்தில் அளவு என்ற சொல்லில் ரத்தம் இருக்கிறது. அதனால்தான் விலைச்சீட்டைப் பற்றி நம் நண்பர்கள் கேலியாக எழுதும்போது என்னால் முழு மனசோடு கூடச் சிரிக்க முடிவதில்லை. ஒரு புடவையின் ஓரத்தில் தொங்குகிற அந்த அட்டைத்துண்டு ஆளைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொள்வதில்லை. தாத்தாவின் பேரனுக்கும் பண்ணையாளின் பேத்திக்கும் அது ஒரே எண்ணைச் சொல்கிறது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த சரித்திரம். பாரிஸில் 1852-இலிருந்து பூசிக்கோ என்பவர் போன் மார்ஷே கடையைப் பெரிதாக்கினார். குறித்த விலை, யாரும் உள்ளே வரலாம், வாங்காமலே வெளியே போகலாம், பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். ஜோலா 1883-இல் ஒரு முழு நாவலையே அப்படிப்பட்ட கடைக்குள் வைத்து எழுதினார். சென்னைக்கு 1863-இல் ஸ்பென்சர் வந்தது. ஆனால் மவுண்ட் ரோடு ஸ்பென்சருக்குள் யார் தயக்கமில்லாமல் நுழைந்திருக்க முடியும் என்பதற்குச் சரித்திரப் புத்தகம் வேண்டாம், கொஞ்சம் கற்பனை போதும்.

கூரைபோட்ட அங்காடி என்பதும் நமக்குப் புதிசில்லை. கும்பேசுவரர் கோயிலின் கிழக்கு வாசலில் நுழைந்தால் நீளமான மண்டபம், இருபுறமும் கடைகள். குங்குமம், வளையல், பாத்திரம், பொம்மை. வெயில் படாமல், மழையில் நனையாமல், பார்த்துக்கொண்டே நடந்தால் கடைசியில் சுவாமி. இன்றைய மால்களின் அமைப்பு இதுதான். கூட்டத்தை இழுக்கிற ஒரு பெரிய கடையைக் கோடியில் வைப்பார்கள். அதற்குப் போகிற வழியில் சின்னக் கடைகள். பெரிய கடைக்கு அந்த வியாபாரத்தில் ஆங்கர் என்று பெயர், நங்கூரம். கும்பகோணத்தில் நங்கூரம் சாட்சாத் கும்பேசுவரர். தஞ்சாவூரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று ஒரு சந்தையைக் குறிப்பிடுகிறது. அரசியின் பெயரில் அங்காடி, அதன் நடுநாயகமாகக் கோயில். சந்தை எதையாவது பற்றிக்கொண்டுதான் நிற்கும் போலிருக்கிறது. ஆனால் கும்பேசுவரர் மண்டபத்து அழகைச் சொல்கிறபோது கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்து, 1947-இல் மாகாணத்துக்கெல்லாம் சட்டம் வருகிற வரைக்கும், இந்த நாட்டின் மிகப் பழைய மால்களுக்குள் எல்லாரும் நுழைய முடிந்ததில்லை. நங்கூரம் இருந்தது. எல்லாப் படகும் கட்ட அனுமதி இல்லை.

சென்னையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-இல் வந்தது, கோயம்புத்தூரில் புரூக்ஃபீல்ட்ஸ் அதற்கு ஒரு வருஷம் முன்னால். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அங்கே போனால் எனக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். டெல்டாவில் நடந்தது வேறு விதம். இங்கே ஜவுளிக்கடையே மாடி மாடியாக வளர்ந்து மாலாகிவிட்டது. கீழே புடவை, மேலே ரெடிமேட், அதற்கு மேலே பாத்திரம், சில இடங்களில் மளிகையும் நகையும். திருச்சியில் என்.எஸ்.பி. ரோடு, தஞ்சாவூரில் காந்திஜி ரோடு, கும்பகோணத்தில் பெரிய தெரு, எங்கே பார்த்தாலும் இதே ஜாதி. சின்னக் கடைகள் கட்டடத்துக்குள் வாடகை கொடுத்து உட்காரவில்லை. வாசலில் வந்து சேர்ந்துகொண்டன. பூக்காரி, கரும்புச்சாறு, பொரி, கைக்குட்டை விற்கிற பையன், சைக்கிள் ஸ்டாண்டு. நங்கூரம் உள்ளே, படகுகள் நடைபாதையில். குறுவை நன்றாக விளைந்த வருஷம் தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காமல்போன வருஷமும் தெரியும்.

அப்படி ஒரு கடையில், சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும். விரல் நகங்களில் நாற்று நடுகிறவர்களுக்கு இருக்கிற கறை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவள் புடவைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் போட்டு, கண்ணாடியில் பார்த்து, தலைப்பைத் திருப்பி, ஜரிகையைச் சுரண்டி, கூட வந்த மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, ஐம்பதுக்குக் குறையாமல். கடைசியில் ஒன்றும் வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். முகத்தில் குற்ற உணர்வின் சாயல்கூட இல்லை. அவள் அம்மாவோ பாட்டியோ செய்திருக்கவே முடியாத ஒரு காரியத்தை அவள் அந்த ஒரு மணி நேரமும் செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது. தெரியாதவளாக உள்ளே வந்தாள், யாருடைய ஆள் என்று யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொன்னாள், போனாள். நம் பக்கத்து இலக்கியம் அந்நியமாதல் என்று இருபது வருஷம் புலம்பிய விஷயம் இவளுக்குக் காற்று மாதிரி இருந்தது. எல்லாருக்கும் தன்னைத் தெரிந்திருந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் காற்றின் அருமை தெரியும். அதிலும் 'தெரிந்திருந்தது' என்பது யாருக்கு உபசாரமாகவும் யாருக்குக் கண்காணிப்பாகவும் இருந்தது என்பதைப் பொறுத்து.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது பெரிய கடைகளுக்கு ஒரு வாழ்த்துப்பாவாக முடிந்திருக்கும். நிறுத்த முடியவில்லை. அந்த ஐம்பது புடவையையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்து, விரித்து, அவள் போனபிறகு மடித்து வைத்தவள் இன்னொரு பெண். இருபது வயசு இருக்கலாம். அவள் நின்றுகொண்டிருந்தாள். காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்பாள். கும்பகோணத்துப் பெருமாள்களுக்கு நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று கோலம் உண்டு. இவளுக்கு ஒன்றுதான். 2010-இல் அங்காடித் தெரு படம் வந்தபோது ரங்கநாதன் தெருவின் நிற்றலைத் தமிழ்நாடே பார்த்தது, கண்ணீர் விட்டது, அந்த வாரக் கடைசியிலேயே துணி எடுக்கவும் போயிற்று. நானும் போனேன்.

பழைய மெத்தைக் கடையில் மேலே மூன்று பேர் உட்கார்ந்திருக்கக் கீழே ஒருவர் நின்றார். புதிய கடை அந்தத் தெருவில் நின்றவரை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் தொடவிட்டது. ஆனால் அவர் நின்ற இடம் காலியாகப் போகவில்லை. அதில் அவருடைய பேத்தியையோ, அவள் மாதிரி வேறொரு ஊர்ப் பெண்ணையோ நிறுத்திக்கொண்டது. வாங்குகிறவர்களுக்கு இடையில் இருந்த படிக்கட்டை இடித்த கற்களைக் கொண்டே வாங்குகிறவருக்கும் விற்பவளுக்கும் நடுவில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். வாங்குகிறவளை நம்புகிறார்கள், தொடு, கலை, போட்டுப் பார் என்கிறார்கள். வேலை முடிந்து வெளியே போகிற பெண்ணின் கைப்பையைத்தான் திறந்து பார்ப்பது பல கடைகளில் வழக்கம். சிலப்பதிகாரத்துப் புகாரில் பெயரும் அளவும் எழுதிய பொதிகள் காவலில்லாமல் கிடந்தன, திருடினவனை அந்தப் பொதியே கழுத்து ஒடியச் சுமக்க வைத்தது என்று இளங்கோ சொல்கிறார். அந்தப் பயத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது: தெய்வத்துக்கு முன்னால் வணிகனும் திருடனும் ஒன்று. இப்போதைய காமிராவுக்கு அந்தப் பாரபட்சமின்மை கிடையாது.

இதையெல்லாம் முதலாளிகளின் கொடுமை என்று எழுதி முடிப்பது சுலபம். எழுதவும் எழுதுகிறார்கள், அது உண்மையும்தான். ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது வேறு. ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரம், ஆண்கள் சட்டைப் பகுதிக்குப் போனேன். வரிசைக்கு நடுவில் ஒரு பெண் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் ஒரு நொடி தாமதித்தாள். அந்த ஒரு நொடியில் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. நான் வந்து நிற்கிறேன், இவள் உட்கார்ந்திருக்கிறாளே. வார்த்தையாக வரவில்லை, உடம்பில், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் எங்கேயோ வந்தது. அந்த இடத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். களத்துமேட்டில் தாத்தா வருகிறபோது எவனாவது எழுந்திருக்கத் தாமதித்தால் அவர் கழுத்து அப்படித்தான் ஒரு பக்கம் திரும்பும். நிலம் போய் நாற்பது வருஷம் ஆகிறது. மார்க்ஸ் படித்தாயிற்று, பெரியார் படித்தாயிற்று, இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதியாயிற்று. கழுத்து மட்டும் படிக்கவில்லை.

இதை வெறும் ஜாதிப் புத்தி என்று சொல்லி எனக்கு நானே கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிடலாம். ஆனால் நாற்று நட்ட கையோடு வந்த அந்தப் பெண் முன்னால் இவள் உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் சுருக்கென்றிருக்குமோ என்று யோசித்தேன். இருந்திருக்கும் என்றுதான் படுகிறது. அவள் கழுத்துக்குப் பரம்பரை ஒன்றும் இல்லை. ஆனால் கடை அதைக் கற்றுக்கொடுத்திருக்கும். பெரிய கடை நமக்கு விற்கிற பண்டங்களில் விலைச்சீட்டு இல்லாத ஒன்று இதுதான்: நான் வந்தால் ஒருவர் எழுந்து நிற்பார். மிராசுதாருக்கு மட்டும் கிடைத்துவந்த அனுபவத்தைச் சில்லறையாக்கி, இருநூறு ரூபாய்க்குத் துண்டு வாங்குகிறவருக்கும் கூடவே மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஜனநாயகம் என்று இதையும் சொல்லலாமா? எல்லாரையும் சமமாக்குவது என்றால் எல்லாரையும் உட்காரவைப்பதா, அல்லது எல்லாருக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் ஆண்டையாக இருக்க வாய்ப்புக் கொடுப்பதா? நம் காலம் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. முதலாவது யாருக்கும் லாபமில்லாதது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

சட்டம் வராமலில்லை. இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்கு, மூன்று பேருக்கு ஓர் ஆசனம் வீதம் போடவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். மூன்று பேருக்கு ஒன்று! அதையும் சலுகையாக நினைத்திருப்பார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டுப் பெண்கூட்டு அமைப்பும், 'இரிக்கல் சமரம்' என்றே பெயர் வைத்துப் போராடிய விற்பனைப் பெண்களும் விடாமல் கேட்டு, 2018-இல் உட்காரும் உரிமை சட்டமானது. உட்கார்வதற்காக ஒரு போராட்டம் என்பதை மலையாளத்தில் படித்த எவரோ எனக்குச் சொன்னபோது முதலில் வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கையை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டேன். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். நல்ல சட்டம். மனப்பூர்வமாகவே சொல்கிறேன். ஆனால் வாய்ப்புக் கிடைக்கும்போது என்ற இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டையின் வடிவம் என்னுடைய வடிவம். நான் வராத நேரம்தான் அவளுக்கு வாய்ப்பு.

உட்கார்ந்திருப்பவளிடம் நான் துணி வாங்க முடியுமா? மன்னார்குடிக் கடையில் தாத்தா வாங்கினார். ஒன்றும் குறைந்துபோகவில்லை அவருக்கு. உட்கார்ந்தபடி துணி காட்டுவது மரியாதைக் குறைவு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் காட்டியவரைத் தம் ஆட்களில் ஒருவராக நினைத்தார்கள். நண்பர் மோரைப் பற்றிச் சொன்னதில் எனக்கு வேண்டியது மோர் இல்லை, அந்த மெத்தை. மூன்று படி இல்லாமல் அந்த மெத்தை சாத்தியமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

சென்ற மாதம் அதே கடைக்கு, அதே பகுதிக்குப் போனேன். இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தார்கள். வேறு பெண். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "பரவால்லம்மா, உக்காந்துக்க, நானே பாத்துக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் நாடகமாக ஒலித்தது. அவள் தூணின் மேல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, சிரிக்காமல், கோபமும் இல்லாமல் சொன்னாள்: "நீங்க போனதும் உக்காந்துக்கறேன் சார்."

கைக்கு வந்த ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு சீக்கிரமாகவே நகர்ந்தேன். அளவுகூடப் பார்க்கவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். வேறொருவர் வந்திருந்தார்.